2019 ரொறன்ரோ ராப்டர்ஸ்: நாலு துள்ளல் மட்டும்தானா அந்தக் கிண்ணம்?

#1 கல்லடிக் கோச்

பின்னேரம் ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். பதினான்கு, பதினைந்து வயதுக்காரர்கள். இது கச்சான் காற்றுக் காலம். தூரத்திலிருந்து எறிந்தால் பந்து வளையத்துக்கு ஒரு முழம் தள்ளிப் போகும். அப்படியிருந்தும் சப்பாத்து நாடாவைக் கட்டிய கையோடு மூலைக்கு ஓடிப்போய், உடம்பைப் பின்னால் சரித்து, பந்தை உயரத் தூக்கி எறிந்து பார்க்கிறார்கள். 2019 என்.பி.ஏ. கூடைப்பந்தில், ரொறன்ரோ ராப்டர்ஸ் அணிக்காக ஃபிலடெல்பியாவுக்கு எதிராகக் கவாய் லெனார்ட் எறிந்த எறி அது. பந்து வளையத்தில் நாலு தரம் துள்ளி உள்ளே விழுந்ததை எல்லாரும் போனில் பார்த்திருக்கிறார்கள். அந்த வருடம் ரொறன்ரோ வேறு என்ன செய்தது என்று கேட்டேன். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அதனால்தான் இந்த இழை. அந்த சீசனைப் பார்த்தவர்கள் இங்கே கனபேர் இருக்கிறீர்கள், பேசுவோம்.

என் எண்ணம் இது. அந்த எறி ஓர் இரவைத்தான் வென்றது. அந்த வருடக் கிண்ணத்தை வென்றது டிபென்ஸ், மறிக்கிற ஆட்டம். இன்னும் குறிப்பாகச் சொன்னால், ஃபிலடெல்பியாவுக்கு அடுத்து மில்வாக்கியோடு நடந்த தொடரில் (நாலு வென்றவர் மேலே போவார்) மூன்றாவது மெட்ச். வருடம் முழுக்க ஆடி 60 மெட்ச் வென்ற அணி மில்வாக்கி. முதல் இரண்டையும் அவர்களிடம் தோற்று, 0–2 என்று ரொறன்ரோ ஊர் திரும்பியது. அவர்களின் நட்சத்திரம் யானிஸ் அன்டெடோகும்போவை மறிக்க ஆளில்லை. அன்றைக்குப் பயிற்சியாளர் நிக் நேர்ஸ் கவாயையே கொண்டுபோய் யானிஸ் முன்னால் நிறுத்தினார். ஒருவர் நின்றால் மட்டும் போதாது. யானிஸ் உள்ளே திரும்பும்போதெல்லாம் மார்க் கசோல் வழியில் நின்றார். பந்து வெளியே போனால் மற்றவர்கள் ஓடிப்போய்க் கையை உயர்த்தினார்கள். யானிஸ் 16 எறியில் 5ஐ மட்டும் போட்டு, 12 புள்ளியோடு, ஆறு ஃபவுலும் வாங்கி வெளியே போனார். மேலதிக நேரம் இரண்டு தடவை ஆடி 118–112. கவாய் 52 நிமிடம் நின்று 36 புள்ளி எடுத்தார். அதிலிருந்து தொடர்ந்து நாலு மெட்சும் ரொறன்ரோவுக்கு.

பிள்ளைகளுக்கு அந்த மெட்சைத்தான் காட்ட நினைக்கிறேன். உங்கள் எண்ணம் என்ன?

#2 புளியந்தீவான்

கோச் அண்ணன், மரியாதையோடு மறுக்கிறேன். ஃபிலடெல்பியாவிடம் அந்த இரவு தோற்றிருந்தால் மில்வாக்கி எங்கே, மூன்றாவது மெட்ச் எங்கே?

ஏழாவது மெட்ச், 92–90. அந்த 92இல் 41 கவாயுடையது. 39 தடவை எறிந்திருக்கிறார். மற்றவர்களுக்கு அன்று கை வரவில்லை. பத்துச் சொச்சம் விநாடி இருக்கையில் இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்றைத் தவறவிட்டார். ஃபிலடெல்பியாவின் ஜிம்மி பட்லர் மறுமுனைக்கு ஓடிச் சமப்படுத்திவிட்டார். மீதி 4.2 விநாடி. இப்போதுதான் தவறவிட்ட மனுஷன் திரும்பவும் பந்தை வாங்குகிறார். ஜோயல் எம்பீட் துரத்தத் துரத்தக் கோர்ட்டின் குறுக்கே ஓடி, ஏழடி மனிதனின் விரல்களுக்கு மேலால் எறிகிறார். ஏழாவது மெட்ச் ஒன்று மணி அடிக்கிற எறியில் முடிந்தது என்.பி.ஏ. வரலாற்றில் அதுதான் முதல் தடவை. பிள்ளைகள் அதை எறிந்து பார்க்காமல் வேறு எதை எறிவார்கள்?

அதோடு, 2018 ஜூலையில் என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். ஒன்பது வருடம் ரொறன்ரோவுக்கு ஆடிய டிமார் டிரோசனைக் கொடுத்துத்தான் சான் அன்டோனியோவிடமிருந்து கவாயையும் டானி கிரீனையும் எடுத்தார்கள். அதற்கு முந்தின சீசனில் கவாய் காயத்தோடு 9 மெட்ச்தான் ஆடியிருந்தார். ஒரு வருடத்தில் விட்டுப் போகலாம் என்பதும் தெரியும். ரசிகர்கள் கொதித்தார்கள். அப்போது அணியை நடத்திய மசாய் உஜிரி அவ்வளவையும் தாங்கிக்கொண்டு செய்தது எதற்கு? கடைசி நாலு விநாடியில் பந்தைக் கேட்டு வாங்குகிற ஒருவனுக்காக.

#3 நாவற்குடா அக்கா

நான் பள்ளிக்கூடக் காலத்தில் பாயின்ட் கார்ட், பந்தைக் கொண்டுபோய்ப் பிரித்துக் கொடுக்கிற இடம், ஆடினவள். அதனால் நீங்கள் இரண்டு பேரும் பேசாத ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

கைல் லௌரி. பிளேஓஃப் (சீசன் முடிந்தபின் வருகிற வெளியேற்றச் சுற்று) தொடங்கின முதல் மெட்ச், ஓர்லாண்டோவோடு. ஏழு எறி, ஒன்றும் விழவில்லை. பூச்சியம். டி. ஜே. ஒகஸ்டின் கடைசியில் மூன்று புள்ளி எறி போட 104–101 என்று ரொறன்ரோ தோற்றது. இதே கதைதான் ஒவ்வொரு வருடமும் என்று எழுதினார்கள். 2012இலிருந்து அந்த அணியில் இருந்தவர், உயிர் நண்பன் டிரோசனை அந்த வருடம்தான் அனுப்பியிருந்தார்கள். அந்தப் பூச்சியத்தோடு அவர் வீட்டுக்குப் போய் எப்படித் தூங்கினார் என்று யோசித்திருக்கிறேன். அடுத்த நாலு மெட்சையும் வென்று ஓர்லாண்டோவை முடித்தார்கள்.

மறுகா கடைசி மெட்சைப் பாருங்கள். ஓக்லண்டில், கோல்டன் ஸ்டேட் அணியோடு ஃபைனல் தொடரின் ஆறாவது மெட்ச். ரொறன்ரோவின் முதல் 11 புள்ளியும் லௌரி. அன்று மொத்தம் 26.

நான் அவரிடம் பார்த்தது புள்ளியை அல்ல, சார்ஜ் எடுப்பதை. தன்னைவிட ஒரு அடி உயரமான ஆள் முழு வேகத்தில் வரும்போது காலை ஊன்றி, நெஞ்சைக் கொடுத்து, பின்னால் விழுவது. நாங்கள் ஆடினது சீமெந்துத் தரையில். சார்ஜ் எடுத்தால் முழங்கைத் தோல் தரையோடு போகும். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் தண்ணீர் ஊற்றும்போது எரிகிற எரிச்சல் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர் 33 வயதில் ஃபைனலில் அப்படி விழுந்தார். அது ஸ்கோர் தாளில் வராது.

ஓர்லாண்டோவோடு நாலாவது மெட்ச் ஏப்ரல் 21. அதை நான் பார்க்கவில்லை. அன்றைக்குக் காலை மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு பல நாள் எங்கள் வீட்டில் ரீவியில் செய்தி மட்டும்தான் ஓடியது. திரும்ப எப்போது பார்க்கத் தொடங்கினேன் என்று சரியாக ஞாபகமில்லை. ஃபிலடெல்பியாத் தொடரின் நடுவில் எங்கோ.

#4 காத்தான்குடித் தம்பி

அக்கா, நீங்கள் எழுதினதை இரண்டு தரம் வாசித்தேன்.

எங்கள் பக்கமும் வெளியே போகாமல் வீட்டுக்குள் இருந்த நாட்கள் அவை. அந்த வருடம் நோன்பு மே முதல் கிழமைக்குப் பிறகு தொடங்கியது. சில மெட்ச் இங்கே அதிகாலை நாலரைக்கு. ஸஹர் செய்து, சுபஹ் தொழுதுவிட்டு, உம்மா எழும்பாதபடி ஹெட்போன் போட்டுக்கொண்டு பார்த்தேன். தெருவில் ஒரு சத்தமும் இருக்காது. எனக்கு அந்த நேரம் அந்த மெட்சுகள் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யாரிடமும் சொன்னதில்லை.

கோச் அண்ணன் சொன்ன டிபென்ஸ் பக்கம்தான் நான். ஃபிலடெல்பியாவோடான தொடரிலேயே அது தெரிந்தது. எம்பீட் அந்த சீசனில் சராசரி 27.5 புள்ளி எடுத்தவர். ரொறன்ரோவுக்கு எதிரான ஏழு மெட்சில் 17.6க்கு இறங்கினார். உடம்பு சரியில்லாமலும் இருந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் அவருக்குப் பின்னால் கசோல் நின்ற விதம் இருக்கிறதே! பாய மாட்டார், அடிக்க மாட்டார், ஏமாற மாட்டார். நெஞ்சை நிமிர்த்திக் கையை மேலே நேராக வைத்துக்கொண்டு நிற்பார். பெப்ரவரியில் மெம்பிஸிலிருந்து அவரைக் கொண்டுவந்தது இதற்காகத்தான்.

ஏழாவது மெட்சில் எம்பீட் 45 நிமிடம் ஆடினார். அந்த நேரத்தில் ஃபிலடெல்பியா 10 புள்ளி முன்னால். அவர் பெஞ்சில் இருந்தது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. அதற்குள் ரொறன்ரோ அவர்களைவிட 12 புள்ளி கூட எடுத்து முந்திவிட்டது. 12இல் 10 போனால் இரண்டு. மெட்ச் முடிந்ததும் இரண்டில்தான். நாலு துள்ளலுக்கு முன்னமே அந்த இரண்டு புள்ளி எங்கே இருந்து வந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

#5 புளியந்தீவான்

தம்பி, இந்தக் கணக்கு எனக்குப் புதிது. யோசிக்க வைத்துவிட்டீர்கள்.

#6 ஸ்காபரோ மட்டுநகரான்

அந்த எறியை நான் வேறு விதமாக ஞாபகம் வைத்திருக்கிறேன்.

இங்கே ஞாயிறு இரவு ஒன்பதரை, ஊரில் திங்கள் காலை ஏழு. சித்தப்பாவின் மகன் அங்கே போனில் லைவ் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி நிமிடத்தில் அது சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது. எனக்குச் சாதாரண அழைப்பு எடுத்தான். போனைக் காதில் வைத்தபடி ரீவி முன்னால் நின்றேன். "எறிஞ்சிட்டான்" என்றேன். அதற்குப் பிறகு வாயில் சொல் வரவில்லை, எண்கள்தான் வந்தன. ஒண்டு. ரெண்டு. மூண்டு. அவன் பக்கத்தில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நாலு என்று நான் சொல்லி முடிக்க வீட்டில் எழுந்த கூச்சலிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது.

வீடியோவை அனுப்பப் பார்த்தேன், போகவில்லை. அன்றைக்கு இலங்கையில் முகநூலும் வாட்ஸ்அப்பும் திரும்ப முடக்கம். இரவில் நாடு முழுக்க ஊரடங்கு. நான் எண்ணிச் சொன்ன எறியை அவன் கண்ணால் பார்க்கச் சில நாள் எடுத்தது.

அதனால் எனக்கு அது கவாயின் எறி மட்டும் இல்லை. மன்னிக்க வேண்டும், கோச் அண்ணன். அதைச் சின்னதாக்க எனக்கு மனம் வராது.

#7 கல்லடிக் கோச்

தம்பி, நீங்கள் எழுதினதை வாசித்தபின் நானும் அதைச் சின்னதாக்க மாட்டேன். ஆனால் என் வாதத்தை விடவும் மாட்டேன்.

அந்த சீசன் 58 வெற்றி, 24 தோல்வி. கவாய் ஆடினது 60 மெட்ச். உடம்பைப் பார்த்துக்கொள்ள அவரை 22 மெட்சில் உட்காரவைத்தார்கள். அந்த 22இல் ரொறன்ரோ 17ஐ வென்றது. அவர் இல்லாத நாட்களில் பாஸ்கல் சியாகம் வளர்ந்தார், ஃப்ரெட் வான்வ்லீட் வளர்ந்தார். ஏப்ரலில் ஓ. ஜி. அனுனோபிக்குக் குடல்வால் சத்திரசிகிச்சை என்றானது, பிளேஓஃப் முழுக்க அவர் ஆடவில்லை. அப்படியும் ஆள் இருந்தது.

வான்வ்லீட் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 2016இல் எந்த அணியும் தெரிவு செய்யாத ஆள். ஃபிலடெல்பியாவோடு பெரிதாக ஒன்றும் விழவில்லை. மில்வாக்கித் தொடரின் நடுவில் மகன் பிறந்தான். அதன்பின் மூன்று மெட்சில் 17 தடவை மூன்று புள்ளி எறிந்து 14ஐப் போட்டார். பதினேழுக்குப் பதினாலு. என் பிள்ளைகள் ஆளே இல்லாத கோர்ட்டில் நின்று எறிந்தாலும் அவ்வளவு விழாது.

#8 அக்கரைப்பற்று இளையவன்

எல்லாரும் ஒரு விடயத்தைத் தாண்டிப் போகிறீர்கள். நான் கோல்டன் ஸ்டேட் ரசிகன், அதைச் சொல்லிவிட்டே கேட்கிறேன். கெவின் டுரான்ட் காயத்தில் இருந்தார். ஐந்தாவது ஃபைனலில் திரும்பி வந்து 12 நிமிடத்தில் 11 புள்ளி எடுத்தார், குதிகால் தசைநார் அறுந்து போனார். கிளே தொம்சன் மூன்றாவது மெட்சில் இல்லை. ஆறாவதில் 28 புள்ளியோடு நின்றவர் முழங்கால் போய் விழுந்தார். நொண்டிக்கொண்டு திரும்பி வந்து இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டுவிட்டுத்தான் போனார். அந்த இருவரும் நல்ல உடம்போடு இருந்திருந்தால் இந்த இழையே இருந்திருக்காது.

#9 நாவற்குடா அக்கா

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. தொம்சன் திரும்ப நடந்து வந்து அந்த இரண்டையும் போட்டபோது நானும் எழும்பி நின்றேன்.

ஆனால் டுரான்ட் இல்லாமலே அவர்கள் போர்ட்லண்டை 4–0 என்று வென்று ஃபைனலுக்கு வந்தார்கள். முதல் ஃபைனலில் தொம்சன் ஆடினார், அவர்களின் ஸ்டெஃபன் கரியும் ஆடினார். ரொறன்ரோ 118–109. சியாகம் 17 எறியில் 14. மூன்றாவது மெட்சில் கரி தனியாக 47 எடுத்தும் ரொறன்ரோ 14 புள்ளியால் வென்றது.

#10 ஸ்காபரோ மட்டுநகரான்

டுரான்ட் விழுந்த அந்த மெட்ச் இங்கே நடந்தது. நான் அரங்கத்துக்கு வெளியே, ஜுராசிக் பார்க் என்கிற சதுக்கத்தில், பெரிய திரையின் முன்னால் நின்றேன். அவர் நிலத்தில் இருந்து காலைப் பிடித்தபோது உள்ளே கொஞ்சப்பேர் கை தட்டினார்கள். என்னைச் சுற்றியும் சத்தம் எழுந்தது. எங்கள் லௌரியும் இபாகாவும் கூட்டத்தைப் பார்த்து வேண்டாம், நிறுத்துங்கள் என்று கை காட்டியதைத் திரையில் கண்டோம். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நானும் வாயை மூடிக்கொண்டேன். இளையவன் தம்பி, அந்த வெட்கம் எங்கள் ஆட்களுக்கும் இருந்தது.

அந்த மெட்சைத்தான் ஒரு புள்ளியால் விட்டோம், 106–105. மூன்று நிமிடம் இருக்கக் கவாய் தொடர்ந்து போட்டு ஆறு புள்ளி முன்னால் கொண்டுவந்து விட்டிருந்தார். நேர்ஸ் அங்கே டைம் அவுட் எடுத்தார். ஏன் எடுத்தார்? கோச் அண்ணன், இதற்கு எனக்கு இன்றைக்கும் பதில் இல்லை.

#11 கல்லடிக் கோச்

எடுத்திருக்கக் கூடாது. மூன்று நிமிடத்துக்குக் கீழே போனால் கையில் மிஞ்சியிருந்த டைம் அவுட் வீணாகும், பெடியன்களுக்கும் மூச்சு வாங்கட்டும் என்று நினைத்தார். பயிற்சியாளராக எனக்கு அந்த யோசனை விளங்குகிறது. ஆனால் மூச்சு வாங்கினது கரிக்கும் தொம்சனுக்கும்தான். திரும்பி வந்து மூன்று மூன்று புள்ளி எறி போட்டார்கள். கையில் சூடு ஏறி நிற்கிற ஆளை உட்காரவைக்கக் கூடாது.

ஆனால் இதே நேர்ஸ்தான் இரண்டாவது ஃபைனலில் பொக்ஸ் அன்ட் வன் போட்டவர். நாலு பேர் பெட்டி மாதிரி நின்று இடத்தைக் காக்க, வான்வ்லீட் மட்டும் கரியின் நிழலாக ஓடினார். அது பள்ளிக்கூட மெட்சில் போடுகிற டிபென்ஸ். எதிரணியில் ஒரே ஒரு கெட்டிக்காரன் இருந்தால் நாங்கள் இங்கே போடுவது. அதை என்.பி.ஏ. ஃபைனலில் போட்டார். கோல்டன் ஸ்டேட் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. அந்த மெட்ச் தோற்றதுதான், 109–104. ஆனால் பார்த்தவுடன் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். எங்கள் சீமெந்துக் கோர்ட்டில் போடுகிற ஒன்றை உலகத்தின் பெரிய மேடையில் கண்டால் வேறு எப்படி இருக்கும்?

#12 பழைய மிக்கேலன்

வயதில் மூத்தவன் என்பதால் ஒரு பக்கக் கதை சொல்ல அனுமதி வேண்டும்.

இந்த ஆட்டம் எங்கள் ஊருக்கு நேரே அமெரிக்காவிலிருந்து வந்தவர்களால் வளர்ந்தது. நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து யேசு சபைக் குருமார் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் வந்து படிப்பித்தார்கள். லூசியானாவில் பிறந்த யூஜின் ஹேபர்ட் அடிகளார் மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கினார். 1990 ஓகஸ்ட் 15, வாழைச்சேனைப் பக்கமிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில், கூட வந்த ஒரு தமிழ்ப் பையனோடு காணாமல் போனார். இருவரும் திரும்பி வரவில்லை.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், சியாகம். கமரூனில் குருமடத்தில் படித்த பிள்ளை. குருவாக வேண்டும் என்று தகப்பன் ஆசைப்பட்டார். பதினேழு, பதினெட்டு வயதில்தான் ஒழுங்காகப் பந்தைத் தொட்டான். 2012இல் ஆபிரிக்கப் பயிற்சி முகாமுக்குப் போனான், ஏழு வருடத்தில் ஃபைனலில் 32 புள்ளி எடுத்தான். அந்த முகாம்களை வளர்த்தவர்களில் ஒருவர் நைஜீரியாவில் வளர்ந்த மசாய் உஜிரி. ஒரு குருமடத்துப் பிள்ளை அந்த மேடையில் ஆடுவதைப் பார்க்க ஹேபர்ட் அடிகளார் இருந்திருக்க வேண்டும் என்று அன்று காலை நினைத்தேன். கண் கலங்கியது.

கோச் தம்பி, பதினைந்து வயதில் பிந்திவிட்டது என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பாதீர்கள்.

#13 காத்தான்குடித் தம்பி

ஐயா, நன்றி. அந்தப் பையனையும் சேர்த்துச் சொன்னதற்கும்.

#14 புளியந்தீவான்

ஆறாவது ஃபைனலின் கடைசிக் கால்பகுதியை நேற்று இரவு திரும்பப் பார்த்தேன். 114–110. கவாய்தான் ஃபைனலின் சிறந்த வீரர், அதில் மாற்றமில்லை. ஆனால் அன்று அவர் எடுத்தது 22. லௌரி 26, சியாகம் 26. வான்வ்லீட் 22, அதில் 12 கடைசிக் கால்பகுதியில். ஒரு புள்ளி முன்னால் நிற்கையில் டானி கிரீன் பந்தைக் கைவிட, கரி எறிந்த மூன்று புள்ளி வளையத்தில் பட்டுத் திரும்பியது. அது விழுந்திருந்தால்? ஆனால் அவர் எறியும்போதும் ஒரு கை முகத்துக்கு நேரே இருந்தது.

கோச் அண்ணன், முழுக்கத் தோற்றுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அடுத்த மாதமே கவாய் லொஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட்டார். அவர் போனபின் அந்த அணி ஃபைனல் பக்கம் போகவில்லையே. ஆனால் மில்வாக்கி மெட்சைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது சரி. காத்தான்குடித் தம்பி சொன்ன அந்த மூன்று நிமிடத்தையும் சேர்த்துக் காட்டுங்கள்.

#15 கல்லடிக் கோச்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் காட்டப்போகிறேன். முதலில் எம்பீட் பெஞ்சில் இருந்த மூன்று நிமிடம், அப்புறம் யானிஸ் முன்னால் கவாய் நிற்கிற பகுதி, பிறகு பொக்ஸ் அன்ட் வன். முடிய வெயில் ஏறுமுன் கோர்ட்டில் இறங்கிப் பழகுவோம். நாலு துள்ளலையும் காட்டுவேன், கடைசியில். ஸ்காபரோத் தம்பி எண்ணினது போலப் பிள்ளைகளும் எண்ணட்டும்.

அக்கா, ஒரு உதவி. பெட்டைப் பிள்ளைகள் ஆறு பேர் வருகிறார்கள். சார்ஜ் எடுக்கப் பழக்க எனக்குத் தெரிந்தது போதாது. விழுகிற விதத்தைப் படத்தில் காட்ட முடியாது. ஒரு நாள் வந்து காட்டித் தருவீர்களா?

#16 நாவற்குடா அக்கா

வருகிறேன். ஏழு மணிக்கு நிற்பேன். பிள்ளைகளிடம் பழைய நீளக் காலுறை ஒரு சோடி கொண்டுவரச் சொல்லுங்கள், பாதத்தை வெட்டிவிட்டு முழங்கைக்குப் போட. அந்த நாளில் எங்களுக்கு அது தெரியவில்லை.